மூன்று ஆணி, ஒரு போன்

அத்தியாயம் பதினொன்று

போன சனிக்கிழமை வரைக்கும் ருபியேலாவின் சமையலறைச் சுவரில் மூன்று ஆணிகளில் மூன்று போன்கள் தொங்கின. இன்று செவ்வாய். ஆணிகள் மட்டும்தான் இருக்கின்றன.

சாந்தா பிரிகிடா சந்தையில் கூடாரம் போட்டு, மஞ்சள் சட்டைக்காரப் பெண் ஒருத்தி ‘ட்ரென்சா’ என்ற புதுச் சேவையை விற்றதைப் போன வாரம் பார்த்தோம். ஒரே சிப். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கம்பெனிக் கோபுரங்களில் எது நன்றாக எடுக்கிறதோ அதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழைய மூன்று நம்பருக்கு வருகிற அழைப்பும் இந்த ஒரே போனில் வந்து விழும். ருபியேலா இரண்டே கேள்வி கேட்டாள். பதில் பிடித்தது, மாற்றிவிட்டாள். புருஷன் ஆர்செசியோ ஜீப்பை நிறுத்திவிட்டு வருவதற்குள் கையெழுத்தே போட்டாகிவிட்டது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“மூணு போன், மூணு சார்ஜர், மூணு ரீசார்ஜ். இந்தக் கஷ்டத்துக்கு நான் மூணு புருஷனைக் கட்டியிருக்கலாம்.”

அதற்கு மேல் ஆர்செசியோ வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்ட மனிதர்.

அவர் ஓட்டுவது பழைய வில்லிஸ் ஜீப். மலையில் காப்பித் தோட்டத்துக்காரர்கள், நோயாளிகள், மூட்டைகள், சில நாள் பன்றிக்குட்டிகள் என்று எல்லாம் அதில்தான் ஏறும். வண்டி வேண்டுமென்றால் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். ருபியேலா திருப்பிக் கூப்பிட்டு விஷயம் கேட்டு, அவரை அனுப்பி வைப்பாள். பதினோரு வருஷமாக இதுதான் தொழில். வீட்டில் அந்த ஒரு சுவரில்தான் மூன்று போனுக்கும் சிக்னல் எடுக்கும். அதனால் அவளும் பதினோரு வருஷமாக அந்தச் சுவரைச் சுற்றியேதான் வாழ்ந்தாள். தங்கை கல்யாணத்துக்குப் போனவள் கேக் வெட்டுவதற்கு முன்பே திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை ராத்திரி புதுப் போனை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு கோழிக்கூடு வரைக்கும் நடந்து பார்த்தாள். சிக்னல் இருந்தது. மாட்டுக் கொட்டகை வரை போனாள். இருந்தது. அங்கேயே நின்று தனியாகச் சிரித்தாள்.

ஆனால் வீட்டில் சிரிக்கிற நேரமில்லை இது. மகள் மிரெயா புருஷன் வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள். ஒன்பதாம் மாசம் வேறு. அவள் அம்மாவோடு பேசக் கூடாது என்று அவளுடைய போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியவன் அவள் புருஷன் யெய்சன். கட்டிய துணியோடு கிளம்பியவள் அம்மா வீட்டுக்கும் வரவில்லை. ரோஷம். அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள், வேறு எப்படி இருப்பாள்?

டாக்டர் போன மாசமே சொல்லிவிட்டார். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று. மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் அந்தப் பேச்சு மட்டும் ருபியேலாவின் காதில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் யாராவது விசாரித்தால், “மாமியார் வீட்டுல ராணி மாதிரி இருக்கா” என்று சொல்லிவைத்திருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள், நாளுக்கு ஒரு கோழி என்று கணக்கு. அதற்காகக் கூட்டில் முப்பத்தொரு கோழி வளர்கிறது.

---

காலை ஐந்தே முக்கால். அடுப்பில் வெல்லத் தண்ணீர் கொதித்தது. சோள ரொட்டி ஒரு பக்கம் சிவந்து, திருப்பிப் போடுகிற நேரம்.

போன் அடித்தது. ஒரு ரிங். இரண்டு ரிங். நின்றுவிட்டது.

ருபியேலாவின் கையிலிருந்த ரொட்டி அடுப்புக்குள் விழுந்தது.

பிள்ளைகள் டவுனில் தங்கிப் படித்த காலத்து ஏற்பாடு அது. கையில் பேலன்ஸ் இருக்காது. ஒரு ரிங் என்றால் ‘வந்து சேர்ந்துட்டேன்’. இரண்டு ரிங் என்றால் ‘வந்து கூட்டிட்டுப் போ’. இந்த உலகத்தில் நாலே பேருக்குத்தான் அது தெரியும். ருபியேலா, ஆர்செசியோ, மிரெயா. நாலாவது ஆள் மூத்தவன் ஃபெர்னே. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் ஜீப்பைக் கேட்காமல் எடுத்துப்போய்ப் பள்ளத்தில் உருட்டினான். சந்தை நடுவில், நூறு பேர் பார்க்க, அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்து ‘நீ என் மகனே இல்லை’ என்றார். அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவன்தான். அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

“மிரெயாதான்! ஆர்செசியோ! ரெண்டு ரிங்!”

ஆர்செசியோ ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக ஓடிவந்தார். பதினோரு வருஷப் பழக்கத்தில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

“எந்த ஆணி?”

ருபியேலா சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மலையில் ஆற்றுப் பக்கம் சிவப்பு மட்டும்தான் எடுக்கும். மேட்டுப் பக்கம் நீலம். அருவிப் பக்கம் பச்சை. அந்தந்தப் பக்கத்து ஜனங்கள் அவரவர் கம்பெனி நம்பருக்குத்தான் அடிப்பார்கள். அதனால் இடது ஆணி அடித்தால் ஆற்றுப் பாதை, நடு ஆணி அடித்தால் மேட்டுப் பாதை, வலது ஆணி அடித்தால் அருவிப் பாதை. யார், எந்த ஊர் என்று தெரியாத நம்பராக இருந்தாலும் ஜீப்பை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஆணி சொல்லிவிடும். மஞ்சள் சட்டைப் பெண்ணிடம் கேட்ட இரண்டு கேள்வியில் இது இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஆணி விஷயம் எப்படித் தெரியும்? பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ருபியேலாவுக்கே அது நினைவில் இல்லையே.

திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டாள். வெளியே.

“எந்த ஆணின்னு கேக்கிறேன்ல?”

“ஆணி இல்ல.” அவள் குரல் ஒரு நொடி இறங்கியது. “எல்லாம் ஒண்ணுலதானே வருது.”

ஆர்செசியோ நாற்காலியில் உட்கார்ந்தார். “மூணு பாதை. ஒண்ணு தப்பாப் போனா, போய்த் திரும்பி வரவே ரெண்டு மணி நேரம். அந்தப் பிள்ளை அங்க…” அவருக்கு முடிக்க வரவில்லை. “நான் அப்பவே சொன்னேன்.”

“நீங்க அப்ப ஒண்ணும் சொல்லல. வாயை மூடிக்கிட்டு நின்னீங்க. இன்னொரு பூட்ஸை மாட்டுங்க.”

---

டோன் எவேலியோவின் வானொலி நிகழ்ச்சி காலை ஆறு மணிக்கு. காப்பி விலை சொல்வார், காணாமல் போன மாடு சொல்வார், யாருக்கு யார் பிறந்தநாள் வாழ்த்து என்று சொல்வார். அந்த மலையில் ஆறு மணிக்கு அவர் குரல் கேட்காத அடுப்படி கிடையாது. ருபியேலா அவருக்குப் போன் போட்டாள்.

“சொல்லு ருபியேலா. ஜீப் ரிப்பேரா?”

“என்னை நேரடியா ரேடியோவுல விடுங்க.”

“காப்பி விலை முடியட்டும்.”

“காப்பி எங்கயும் ஓடிப் போகாது. விடுங்க என்னை.”

ஆர்செசியோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஒன்பது நாளில் ஊராரிடம் சிரித்த முகமாகப் பொய் சொன்னவள், இப்போது மொத்த மலைக்கும் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. ருபியேலா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

“ஜீப்புக்கார ருபியேலா பேசறேன். என் பொண்ணு மாமியார் வீட்டுல சந்தோஷமா இருக்கான்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். ஒம்போது நாளா அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. வலி எடுத்துருச்சுன்னு நினைக்கிறேன். வயித்துல பிள்ளை குறுக்கே கிடக்கு. காலையில ஒரு போன் வந்துச்சு, எந்தப் பக்கத்துல இருந்துன்னு புரியல. ஒவ்வொரு ஊர்க் கடைக்காரங்களும் கேளுங்க. உங்க ஊர் முழுக்க ஒரு குரல் குடுத்து விசாரிச்சுட்டு, அவ அங்க இல்லைன்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. பேச வேண்டாம். உங்க பேரெல்லாம் என் போன்ல இருக்கு. இருக்கான்னா மட்டும் பேசுங்க. என்னைப் பத்தி என்ன பேசணுமோ அதை நாளைக்கு உக்காந்து பேசிக்குங்க.”

டோன் எவேலியோ அன்றைக்குக் காப்பி விலையை மறந்தே போனார்.

ருபியேலா மேலங்கியைக் கழற்றி வலது ஆணியில் மாட்டினாள். போனை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

“நீ எங்க வர்றே? போனை யாரு பார்த்துக்கிறது?”

“போன் என் கையில இருக்கு. வண்டியை எடுங்க, முச்சந்தியில நிப்போம்.”

---

மூன்று பாதையும் பிரிகிற முச்சந்தியில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. ராத்திரி பெய்த மழையில் சாலை முழுக்கச் சேறு.

முதல் மிஸ்டு கால் வந்தது. ஆற்றுப் பக்கம். அப்புறம் இன்னொன்று, அதுவும் ஆற்றுப் பக்கம். மேட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று. ருபியேலா பெயரைப் படிக்கப் படிக்க, ஆர்செசியோ ஸ்டியரிங்கில் விரல் விட்டு எண்ணினார். மொத்தம் வர வேண்டியது ஆற்றுப் பக்கம் நாலு கடை, மேட்டுப் பக்கம் நாலு, அருவிப் பக்கம் இரண்டு.

மேட்டுப் பக்கத்து டோன்யா செபாவுக்கு மட்டும் மிஸ்டு கால் என்றால் என்ன என்று இந்த ஜென்மத்தில் புரியாது.

“ருபியேலா, கண்ணு, எங்க ஊர்ல இல்லடி. எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம். அந்த யெய்சன் மூஞ்சியே சரியில்லைன்னு நான் கல்யாணத்துலயே…”

“டோன்யா செபா, வையுங்க போனை!”

“வைக்கிறேன். பிள்ளைக்குப் பேரு பார்த்தாச்சா?”

ருபியேலா துண்டித்தாள். ஆர்செசியோவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

ஆறு முப்பத்தைந்து. ஆற்றுப் பக்கம் நாலும் வந்தாயிற்று. மேட்டுப் பக்கம் நாலும் வந்தாயிற்று. அருவிப் பக்கத்து பெல்யாவிஸ்தா, லா சொரேரா இரண்டிலிருந்தும் சத்தமே இல்லை.

“அருவிப் பக்கம்தான். திருப்புங்க.”

“இரு. ரெண்டு ஊருமே அடிக்கலைன்னா அங்க டவர் விழுந்திருக்கும். ராத்திரி மழை அப்படி. டவர் விழுந்த ஊர்ல இருந்து காலையில எப்படிப் போன் வந்துச்சு?”

நியாயமான கேள்விதான். ருபியேலா யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம்.

“கணவாய்க்கு மேல ஏறி வந்து அடிச்சிருக்காங்க. அதான் திருப்பிக் கூப்பிட்டா கிடைக்கல, கீழ இறங்கியிருப்பாங்க. மழையில அம்புட்டுத் தூரம் ஏறி வந்து ஒருத்தர் ரெண்டு ரிங் விட்டா அது எதுக்காம்? எடுங்க வண்டியை.”

“தப்பா இருந்தா?”

“இருக்காது.”

அவளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. இடது கை சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆனால் சொன்ன சொல்லில் நடுக்கம் இல்லை. ஆர்செசியோ அந்தக் குரலை நம்பித்தான் பதினோரு வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார். இன்றைக்கும் நம்பினார். ஜீப் வலது பக்கம் திரும்பியது.

கணவாய் உச்சியில் ஒருவர் கோவேறு கழுதைமேல் உட்கார்ந்து, போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். பெல்யாவிஸ்தா கடைக்காரர்.

“எங்க ஊர்ல இல்லம்மா! டவர் செத்துப்போச்சு! ஒரு மிஸ்டு கால் குடுக்க மேல வந்தா இங்கயும் எடுக்க மாட்டேங்குது!”

“எனக்கு எடுக்குதே!” என்று ருபியேலா கத்தினாள். உண்மைதான். பச்சை செத்துப்போன அந்த உச்சியில் அவள் போன் எங்கிருந்தோ நீலத்தைப் பிடித்து வைத்திருந்தது. “காலையில இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?”

“தெரியலையே. தாண்டி, அந்த வளைவுல ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் எடுக்கும். பால்காரப் பையனுங்க அங்க நின்னு பேசுவாங்க.”

மீதி இருந்தது ஒரே ஊர். ஆர்செசியோ கியர் மாற்றினார்.

---

லா சொரேராவில் யாரையும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. பால் கொட்டகையின் வாசலில் நாலைந்து பெண்கள் கூடி நின்றார்கள். ஜீப்பைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மிரெயா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆச்சரியம்.

“அம்மா? நீங்க எப்படி வீட்டை விட்டு வந்தீங்க?”

“கால் இருக்கு, வந்தேன்.” ருபியேலா மகளைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது நாளாகத் தொண்டையில் நின்றது எல்லாம் அப்போதுதான் வெடித்தது. “ஏண்டி என் வீட்டுக்கு வரல? நான் செத்தா போயிட்டேன்?”

“வந்தா அவன் அங்க வந்து சத்தம் போடுவான். உங்களுக்கு அசிங்கம்னு…” வலி வந்து பேச்சை வெட்டியது. “நாலு மணியில இருந்தும்மா.”

“எந்த அசிங்கமும் இல்ல. ஊருக்கே ரேடியோவுல சொல்லிட்டேன். கிளம்பு.”

ஆர்செசியோ உள்ளே வரவில்லை. வாசல்படியில் நின்றார். மேஜையில் இரண்டு காப்பிக் கோப்பைகள். கதவுக்குப் பின்னால் ஒரு கம்பளிப் போர்வை தொங்கியது, குளிருக்குத் தலைவழியாகப் போட்டுக்கொள்கிற மாதிரி. பழுப்பு நிறம். ஓரத்தில் கைப்பிடி அளவு கருகிய இடம். அதை வாங்கியது அவர்தான். அடுப்புப் பக்கத்தில் காயப்போட்டு அதைக் கருக்கியவனைத் திட்டியதும் அவர்தான்.

மிரெயா அப்பாவின் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.

“அண்ணன்தான் காலையில அடிச்சான்ப்பா. அவன் இங்க எட்டு மாசமா பால் எடுக்கிறான், மோட்டார் சைக்கிள்ல. என்னை ஒம்போது நாளா வெச்சுப் பார்த்துக்கிட்டது அவன்தான். கட்டிலை எனக்குக் குடுத்துட்டு பால் கேனுங்க பக்கத்துல படுத்துக்கிட்டான். ஜீப் சத்தம் கேட்டதும் பின்பக்கமா கிளம்பிட்டான்.”

“ஏன்?” என்று கேட்டது ருபியேலா.

“அப்பா மூஞ்சியில முழிக்க மாட்டானாம். அப்பா மகன் இல்லைன்னு சொன்னாரே, அவரே கூப்பிடட்டும்ங்கிறான்.”

ஆர்செசியோ உள்ளே வந்தார். போர்வையை எடுத்து மடித்தார். ஜீப்பின் பின்பக்க பெஞ்சில் விரித்தார். மகளை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் அதன்மேல் கிடத்தினார்.

---

திரும்புகிற வழியில், கணவாய் ஏறும் முன்பே ருபியேலா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். தலைமை நர்ஸ் எடுத்தாள். எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை, பனிக்குடம் உடைந்ததா என்று அவள் கேட்கக் கேட்க, ருபியேலா பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். ஜீப் பன்னிரண்டு வளைவு ஏறி இறங்கியது. போனின் மூலையில் இருந்த சின்னப் புள்ளி நீலத்துக்கும் சிவப்புக்குமாக மாறிக்கொண்டே இருந்தது. பேச்சு ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. முன்பெல்லாம் அந்தப் பாதையில் ஒரு ஆளுக்கு வணக்கம் சொல்லி முடிக்க முடியாது.

“இடது பக்கமா சாய்ஞ்சு படுக்கச் சொல்லுங்க,” என்றாள் நர்ஸ். “டாக்டர் வந்துட்டார். எல்லாம் தயாரா இருக்கும். ஒரு மணி நேரத்துல வந்துருவீங்களா?”

“முக்கால் மணி நேரத்துல,” என்றாள் ருபியேலா. ஆர்செசியோ ஒரு முறை அவளைப் பார்த்துவிட்டு மிதித்தார்.

“அம்மா,” மிரெயா வலிக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், “எத்தனை கோழி வளர்க்கறீங்க?”

“முப்பத்தொண்ணு.”

“நாப்பது வேணுமே.”

“பிள்ளையைப் பெத்துக் குடு முதல்ல. ஒம்போது கோழி எங்கயும் கிடைக்கும்.”

போனை வைத்ததும் திரையில் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. யெய்சன். யெய்சன். மறுபடியும் யெய்சன். ரேடியோவை அவனும்தானே கேட்டிருப்பான். கடைசியில் ஒரு செய்தி: ‘ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்.’ ருபியேலா அதை மகளுக்குக் காட்டவில்லை. நிற்கட்டும். அவனுக்கு என்ன பதில் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வரிசையில் அடியில், விடியற்காலையில் வந்த பெயரில்லாத நம்பர். ஆறு வருஷமாக எத்தனையோ பேரிடம் அவள் கேட்டும் கிடைக்காத நம்பர். காலையிலிருந்து தன் கையிலேயே இருந்திருக்கிறது. அதற்கு ‘ஃபெர்னே’ என்று பெயர் போட்டாள்.

“ருபியேலா.” ஆர்செசியோ சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த நம்பருக்கு அடி.”

“என்ன பேசட்டும்?”

“பேச வேண்டாம்.” ஒரு வளைவு முழுக்க எடுத்துக்கொண்டார் அடுத்ததைச் சொல்ல. “ரெண்டு ரிங் விட்டுட்டு வெச்சுடு.”

ருபியேலா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் இரண்டு கன்னமும் நனைந்திருந்தன. துடைக்க ஒரு கையும் காலியாக இல்லை.

“நீங்களே அடிங்க,” என்று போனை நம்பரோடு அவர் பக்கம் நீட்டினாள். “நான் அடிச்சா அம்மா கூப்பிட்டான்னு ஆகும்.”

இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் அந்த மூன்று போனில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. வளைவு இல்லாத துண்டுச் சாலை வந்ததும் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். கட்டைவிரலால் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

ஒரு ரிங்.

இரண்டாவது ரிங். சிவப்பை அமுக்கினார்.

ஒரு பாலம் கடந்தது. ஒரு காப்பிக் களம் கடந்தது. சிவந்த மண்மேடு ஒன்று கடந்தது. போன் ருபியேலாவின் மடியில் ஊமையாகக் கிடந்தது.

அப்புறம் அடித்தது. ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

“வந்து சேர்ந்துட்டேன்னு அடிக்கிறான்,” ஆர்செசியோ குழம்பிப்போய்ச் சொன்னார். “எங்க வந்து சேர்ந்தான்?”

பின்பெஞ்சில், பின்பக்கத் திறப்பைப் பார்த்துச் சாய்ந்து படுத்திருந்தவள் மிரெயாதான். சிரிக்கவும் அழவும் செய்துகொண்டு சொன்னாள்.

“அப்பா, கொஞ்சம் மெதுவாப் போங்க. பால் கேனைக் கட்டிக்கிட்டு அவன் ரொம்பத் தூரத்துல வர்றான்.”

“மெதுவா நான் போக முடியாது.” ஆர்செசியோ இன்னும் அழுத்தி மிதித்தார். “கேனைத் தூக்கிப் போட்டுட்டு என் மகனை வேகமா வரச் சொல்லு.”